உளியின் காது

செவ்வாய்க் கிரகத்தில் போர் போடுகிற வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது என் அண்ணன் அர்த்தநாரி கேட்ட முதல் கேள்வி, "வண்டி போறதுக்கு ரோடு இருக்குதா?" என்பதுதான். இல்லை என்றேன். "அப்பறம் டீசலு?" அதுவும் இல்லை, வெயிலில் ஓடும் வண்டி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கேசிங் பைப்பையாச்சும் நல்லதாப் பாத்துப் போடச் சொல்லு அம்முணி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திருச்செங்கோட்டில் இதற்கு மேல் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உலகமே இரண்டு வகைதான். போர் போட்ட இடம், இன்னும் போடாத இடம். எங்கள் ரிக் வண்டிகள் ராஜஸ்தான் போயிருக்கின்றன, சத்தீஸ்கர் போயிருக்கின்றன, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு ரிக் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் லாக் புக் எழுதியவள் நான். எந்த ஊர், என்ன கல், எத்தனை அடி, எத்தனை இஞ்சு தண்ணீர். கோகிலவாணி என்று எனக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. எல்லோருக்கும் நான் லாக் புக் அக்கா.

என்னைத் தேடிக்கொண்டு வந்தவர் டாக்டர் ஹெப்சிபா. நாசரேத்துக்காரர், கல்லைப் படித்தவர், செவ்வாய்த் திட்டத்தின் தலைவி. ரிக் ஷெட்டில் கிரீஸ் டப்பா மேல் உட்கார்ந்து அவர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"இங்கேருந்து ஒரு சொல் சொன்னா அங்க போய்ச் சேர பதினெட்டு நிமிஷம் ஆவும் கோகிலா. பதில் வர இன்னொரு பதினெட்டு. அதுக்குள்ள கல்லத் துளைக்கிற பிட்டு எங்கயோ போயிருக்கும். அதனால எப்போ நிறுத்தணும்னு வண்டியே முடிவு பண்ணணும். அங்க ஆழத்துல கேமரா வைக்க முடியாது. காதுதான் வைக்க முடியும். பாறைக்குள்ள போற கம்பியோட சத்தத்த வச்சே, இது கல்லு, இது மண்ணு, இது தண்ணின்னு சொல்லுத ஆளுக உலகத்துலயே உங்க ஊர்லதான் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

அப்படித்தான் உளி என்ற அந்த ரோவருக்கு நாங்கள் காது வைத்தோம். இரண்டு வருஷம் எங்கள் ரிக்குகள் துளைக்குள் இறக்கும் ராடுகளில் சத்தம் பிடிக்கும் கருவியைக் கட்டி அனுப்பினோம். நானூற்றுப் பன்னிரண்டு போர்கள் பதிவாயின. தண்ணீர் கிடைத்த ஒவ்வொரு பதிவிலும் அது எந்த இடம் என்று லாக் புக்கைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தவள் நான். அதைக் கேட்டுக் கேட்டு உளி கற்றுக்கொண்டது. அதைச் செவ்வாயின் காற்றுக்கும் குளிருக்கும் ஏற்ப மாற்றுகிற வேலையைப் படித்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கோவைக்கு வெளியே, அன்னூர் சாலையில் இருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில் எனக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். முதல் நாளே நைனார் முகமதுவிடம் மாட்டிக்கொண்டேன். அவர் தொற்றுக் காப்பு அதிகாரி. பார்ப்பவர்களை எல்லாம் கை கழுவச் சொல்லுவதால் அவருக்கு அங்கே சோப்பு சார் என்று பெயர்.

"தண்ணி கெடச்சா என்ன சார் பண்ணுவோம்?" என்று கேட்டேன்.

"நிறுத்திருவோம்."

"நிறுத்திட்டு?"

"மூடிருவோம்."

தண்ணீரைக் கண்ட பிறகு மூடுகிற போரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "தொட்டுக்கூடப் பாக்க மாட்டமா?"

"தொடவே கூடாதும்மா. உளிய எவ்வளவு சுட்டுக் கழுவி அனுப்பினாலும் நம்ம ஊர்க் கிருமி நாலு ஒட்டிக்கிட்டுத்தான் போயிருக்கும். காஞ்ச கல்லுல அது செத்துரும். ஈரத்துல விழுந்தா பெருகிரும். நாளைக்கு அங்க உயிர் இருக்குன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சா, அது அந்த ஊர் உயிரா, நம்ம கொண்டுபோய் விட்டதான்னு கடைசி வரைக்கும் தெரியாது. தண்ணி எங்க இருக்குன்னு மட்டும் நாம சொல்லணும். முப்பது வருஷம் கழிச்சு இதைவிடச் சுத்தமான கருவி வந்து தொடட்டும்."

முதல் சொட்டு பட்டவுடன் உளி நின்றுவிட்டால் கெடுவது ஒரு ஓரத்தோடு போகும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு அவர் அரைமனதாகச் சம்மதித்திருந்தார். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செவ்வாயில் இறங்கிய உளி இரண்டு வருஷத்தில் பதினோரு கிலோமீட்டர் நடந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளத்தின் கரையோரமாகப் போனது. அடை அடுக்கி வைத்ததுபோல் களிமண் பாறைகள், அதற்கு மேல் எரிமலை துப்பிய கருங்கல், நடுநடுவே வெள்ளை நரம்புகள். எல்லாம் எப்போதோ தண்ணீர் ஓடிய தடயம் என்பார் ஹெப்சிபா மேடம். ஒவ்வொரு படமும் வரும்போது அவர் சின்னப் பிள்ளையாகிவிடுவார். சுண்டினால் உடையும் ஒரு தட்டைக் கல்லை உளி சக்கரத்தால் மிதித்து உடைத்து, உள்ளே பச்சை நிறம் தெரிந்த அன்றைக்கு, நிலையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மஸ்கோத் அல்வா கிடைத்தது. எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. காலையில் வந்ததும் உளி அனுப்பிய சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு டீ குடிப்பதைவிடச் சுகம் வேறில்லை என்றிருந்தேன்.

போட்ட போர்கள் இரண்டும் புகையாகப் போயின. பதினாறு மீட்டர் போயும் பொட்டு ஈரம் இல்லை. மூன்றாவதுதான் கடைசி. பாறை பிளந்து சரிந்த ஒரு மேட்டின் அடியில், வெள்ளை நரம்புகள் நெருக்கமாக ஓடிய இடத்தை மேடம் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே ஈரம் இருக்கலாம் என்றது ராடார். உளியின் ராடு ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். ஒரு நாளைக்கு ஒன்று இறங்கும். ஒன்பது ராடு இறங்கியாயிற்று.

அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் வண்டிகளை ஷெட்டில் நிறுத்திவிட்டு எல்லோரும் ஊரில் இருந்தார்கள். அண்ணன் கடைசியாகப் போட்ட சிவகிரி போரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

"எழுநூத்திப் பத்து அடி புள்ள. ரெண்டரை இஞ்சு தண்ணி. அறுநூத்தி எழுவதுலயே பட்டுருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு ராடு சேத்து ஓட்டித்தான் நிறுத்துனேன்."

"லாக்குல என்னன்னு எழுதுன?"

"எழுநூத்திப் பத்துல தண்ணின்னு எழுதுனேன். வேற என்னத்த எழுதறது? கோடைல தண்ணி நிக்கோணுமுன்னா ரெண்டு ராடு சேத்துப் போடோணும். எப்பவும் அப்புடித்தான போடறோம், அப்புடித்தான எழுதறோம். நீ எழுதாததா?"

எனக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பத்தொன்பது வருஷம் நானே என் கையால் எழுதியதுதான். "இத்தனை அடியில் தண்ணீர்" என்றால் எங்கள் தொழிலில் அந்த ஆழத்தில் வேலை முடிந்தது என்று பொருள். தண்ணீர் பட்டது அதற்கு இரண்டு ராடு, அதாவது நாற்பது அடி மேலே. இது எங்களுக்குள் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லாத விஷயம். அதனால்தான் நானும் உளிக்குச் சொல்லவில்லை. தண்ணீர் கிடைத்த அத்தனை பதிவிலும், கல்லை உடைக்கிற ஹேமர் தண்ணீரில் முழுகி முக்குகிற சத்தத்தைக் காட்டி, இதுதான் முதல் தண்ணீர் என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். சோதனை செய்த தொட்டி மூன்றே மீட்டர் ஆழம், தொட்டதும் முங்கிவிடும் என்பதால் அங்கேயும் இது வெளியே வரவில்லை. உளி ஈரத்தைத் தொட்டதும் நிற்காது. நன்றாக முங்கிய பிறகுதான் நிற்கும்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. முதல் இரண்டு மாதிரி இதுவும் காய்ந்துபோனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தண்ணீர் இருந்துவிட்டால்? ஒரு முழுக் கிரகத்தில் நமக்குத் தெரிந்த ஒரே ஊற்றில், என் லாக் புக் பழக்கத்தால், நம் ஊர் அழுக்கைக் கரைத்துவிட்டவளாக ஆகிவிடுவேன். கையைக் கழுவிக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நிறுத்தச் சொல்லி இப்பவே அனுப்புங்க" என்று வெளியே கூப்பிட்டுச் சொன்னார். முப்பத்தாறு நிமிஷம் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மீட்டர் அறுபதில் உளி நின்றுவிட்டது என்று பதில் வந்தது.

"இந்தத் துளைய விட்டுரலாம்" என்றார் நைனார் முகமது. "என் தரப்புல வேற பேச்சே இல்ல."

"விட்டா அவ்வளவுதான் நைனார். பன்னெண்டு நாள்ல அங்க குளிர்காலம். உளி தூங்கிரும். திரும்ப எந்திரிக்கும்னு யாரும் சொல்ல முடியாது." மேடம் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, முதல் தண்ணி எங்கன்னு அந்தப் பதிவுகள்ல உன்னால குறிக்க முடியுமா?"

"என்னால முடியாதுங்க மேடம். நான் எழுதினவதான், ஓட்டினவ இல்ல. ஓட்டினவங்களால முடியும்."

"எத்தன நாள்ல?"

"நாலு நாள் குடுங்க."

மேடம் கொடுத்தார். உளியின் காதுக்கு இனி என் குறிப்பு மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் நைனார் முகமது சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். வலித்தது. ஆனால் நியாயம்தான்.

முகூர்த்தமில்லாத நாட்களாகப் பார்த்து, ரிக் சங்கத்துக்காரர்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தையே ஒழித்துக் கொடுத்தார்கள். ரிக் ஓட்டுகிற டிரில்லர்கள் முப்பத்தொரு பேர் வந்தார்கள், அண்ணனும் அவர்களில் ஒருவர். பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனும் கையில் அமுக்குகிற பட்டனுமாக இருந்த அந்தக் காட்சியைப் பார்த்தால் ஊமைகள் பரீட்சை எழுதுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு பதிவையும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தண்ணீர் படுகிற இடத்தில் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொன்னது.

கூடவே வந்திருந்த நைனார் முகமது முதலில் சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். இவர்கள் எதையோ குத்துமதிப்பாக அமுக்குவார்கள் என்று நினைத்திருப்பார். முதல் இருபது பதிவு முடிந்ததும் கணினியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மூணு பேருக்கும் அரை செகண்டுக்கு மேல வித்தியாசமே இல்லையேம்மா! பேசி வச்சுக்கிட்டாங்களா?"

"பேசறதா? அந்த மூணு பேர்ல ரெண்டு பேரு பங்காளிச் சண்டைல ஒன்பது வருஷமாப் பேசறதே இல்லீங்க சார்."

அதன் பிறகு அவர் சந்தேகப்படவில்லை. இரண்டாம் நாள் சந்தகையும் தேங்காய்ப் பாலும் நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். யாரையும் கை கழுவச் சொல்லவும் மறந்துவிட்டார்.

மூன்றாம் நாள், செம்மலை என்பவர் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கறுத்த கனத்த மனிதர்.

"இது நா ஓட்டுன போரு அம்முணி. வெள்ளகோயில் பக்கம். இதுல தண்ணி வராது."

"ஊரெல்லாம் அதுல எழுதலைங்களே அண்ணா. எப்படித் தெரியும்?"

"கல்லு தெரியாதா? ஆயிரத்தி நூறு அடி. நிறுத்தலாமுங்கன்னேன். அந்தத் தோட்டத்துக்காரரு கையெடுத்துக் கும்பிட்டு இன்னொரு ராடு இன்னொரு ராடுன்னாரு. மூணு ராடு ஓட்டுனேன், வெறும் புழுதி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது போடு" என்றார். அவர் அமுக்காமல் விட்ட அந்தப் பதிவை மற்ற இரண்டு பேரும் அமுக்காமல்தான் விட்டிருந்தார்கள்.

நாலாம் நாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. உளிக்குப் புதுக் காதை அனுப்பினோம்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ராடுகள் நாளுக்கு ஒன்றாக இறங்கின. பன்னிரண்டைத் தாண்டியதும் என்னால் டீ குடிக்க முடியவில்லை. பதிமூன்றாவது ராடு போட்ட அன்று காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. பன்னிரண்டு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் உளி தானாகவே நின்றுவிட்டது.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பிட்டின் நுனியில், துளைப்பது நின்ற பிறகே வேலை செய்யும் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அது அனுப்பிய எண்ணைப் பார்த்ததும் மேடம் உட்கார்ந்துவிட்டார்.

"காஞ்சு கெடக்கு கோகிலா. பொட்டு ஈரம் இல்ல."

கல்லில் நின்றிருக்கிறது. தண்ணீரே இல்லாத வெறும் கல்லில். குளிருக்கு நான்கே நாள் பாக்கி. திரும்ப ஓட்டச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். நின்ற காரணம் தெரியாமல் ஒரு விரற்கடைகூட ஓட்ட விடமாட்டேன் என்றார் நைனார் முகமது. துளைப்பானை முழுசாக மேலே எடுத்துவிட்டு, தொடாமலே கல்லுக்குள் ஒரு முழத் தூரம் வரை ஈரம் பார்க்கும் ஆய்வுக் கம்பியை இறக்குவது என்று முடிவானது. அதற்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பத்தொரு பேரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, எல்லோரையும் சேர்த்து ஏமாளியாக்கிவிட்டேன் என்றே தோன்றியது.

மூன்றாம் நாள் காலை மேடம் என் மேசைக்கு ஓடி வந்தார். அறுபது வயதில் அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏட்டி கோகிலா, இருக்கு! அடியில இருக்கு! துளைக்கு அடியில நாலு விரல் கல்லு, அதுக்குக் கீழ உப்புத் தண்ணி ஊறி நிக்கு. உளி அதைத் தொடவே இல்ல!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நைனார் முகமதுவுக்குத்தான் புரிந்தது. அவர் இரண்டு நாளும் தூங்காமல் வேறொரு வேலை பார்த்திருக்கிறார். எங்கள் பதிவுகளில் ஒரு அறுபது போர்களுக்கு மட்டும், புழுதியை ஊதித் தள்ளுகிற கம்ப்ரசரின் காற்றழுத்தமும் பதிவாகியிருந்தது. அவசரத்தில் நாங்கள் யாரும் அதைத் திறக்கவே இல்லை. தண்ணீர் பட்ட நொடியில் அழுத்தம் ஏறும். அதையும் டிரில்லர்கள் பட்டன் அமுக்கிய நேரத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அறுபதிலும் பட்டன்தான் முந்தி. பத்துப் பன்னிரண்டு நொடி முந்தி.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். சங்க ஆபீஸில் இருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணா, தண்ணி படற எடத்துல அமுக்கச் சொன்னேன். அத்தன பேரும் படறதுக்கு முன்னாடியே அமுக்கியிருக்கறீங்க."

"ஆமா."

"ஆமான்னா? தெரிஞ்சேதானா?"

"பட்டதுக்கப்பறம் சொல்றதுக்கு ரிக்கு ஓட்டறவன் எதுக்குப் புள்ள? தோட்டத்துக்காரனே சொல்லீருவான், சட்டை நனைஞ்சிருக்குமல்ல?" பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். "தண்ணி வரதுக்கு முன்ன கல்லு கொஞ்சம் எளகிக் குடுக்கும். அங்கயே கைய அடக்கோணும். இல்லாட்டி ஹேமர் சிக்கிக்கும். அந்த எடத்தத்தான் நாங்க தண்ணிங்கறது."

நைனார் முகமது என் கையிலிருந்து போனை வாங்கினார். ஏதோ சொல்ல வந்தவர், "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றி" என்பதையே நாலு முறை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சொட்டுக்குக்கூட மனமில்லாமல் சம்மதித்த மனிதர். அவருக்கு ஒரு சொட்டும் கெடாமல் கிடைத்திருந்தது.

"எத்தன இஞ்சு தண்ணி அம்முணி?" அது செம்மலையின் குரல்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். தண்ணீர் பொங்கி மேலே வந்து, சுற்றி நிற்பவர்களை எல்லாம் நனைப்பதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அவர்கள்.

"தெரியாதுங்கண்ணா. யாரும் தொடலை, தொடவும் கூடாது. இன்னைக்குச் சாயங்காலம் துளைய மூடிருவோம். இன்னும் முப்பது வருஷத்துக்கு அதை யாரும் பாக்க மாட்டாங்க." மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

செம்மலைதான் மறுபடியும் கேட்டார்.

"எவனும் மோட்டாரு எறக்க மாட்டானா?"

"மாட்டாங்க."

"அப்ப அது அப்புடியே அங்கயே நிக்கும்?"

"அங்கயே நிக்கும்ண்ணா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் செம்மலை. குரலில் சந்தோஷம் தெரிந்தது. "நா போட்டதுல பாதி போரு இன்னைக்குக் காஞ்சு கெடக்குது அம்முணி. நம்மாளுக கை வெச்சதுல வத்தாத தண்ணி அது ஒண்ணுதான்."